வலது கைக்கு மட்டும் விஷம்

டமார்!

மாடியிலிருந்து பறந்து வந்த பாட்டில் ஒன்று ஒட்டடையின் செருப்புக்கு ஒரு சாண் முன்னால் விழுந்து சுக்குநூறானது. ஒட்டடை ஒரே தாவலில் இன்ஷூரன்ஸ் அக்காவின் முதுகுக்குப் பின்னால் போய்ப் பதுங்கினான். பதுங்கி என்ன பிரயோஜனம்? அக்கா குள்ளம். அவனுக்கோ பெயரே ஒட்டடை. மார்புக்கு மேலே முழுசாக வெளியே தெரிந்தான்.

"வெளிய வாடா. பாட்டில் உனக்கு வந்ததில்ல."

"விலாசம் எழுதியிருந்துச்சா அக்கா? விழுற வேகத்துல நான் படிக்கல."

அக்கா குனிந்து உடைந்த துண்டு ஒன்றைத் திருப்பினாள். நிஜமாகவே எழுதியிருந்தது. லேபிளில், முத்து முத்தான கையெழுத்தில்: 'மாமாவுக்கு. தினம் இரண்டு வேளை, இரண்டு கைக்கும்.'

எலுமிச்சையும் கற்றாழையும் கலந்த வாசனை முற்றம் முழுக்கப் பரவியது.

இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கோரிக்கைகளை முகர்ந்து பிடிப்பதுதான் அக்காவின் பழைய வேலை. தானே பற்றிக்கொண்ட குடோன், தானே நடந்துபோன நகை, செத்த பிறகு கல்யாணம் செய்துகொண்ட ஆசாமி என்று எல்லாவற்றையும் பார்த்துச் சலித்துவிட்டு, சொந்தமாகத் துப்பறியக் கிளம்பியிருந்தாள். ஒட்டடை பழைய பேப்பர் கடை வைத்து நொடித்துப் போனவன். தராசில் ஏமாற்றத் தெரியாததால் கடை போயிற்று. வாயை அடக்கத் தெரியாததால் வேறு வேலையும் நிலைக்கவில்லை. அக்காவிடம் மட்டும் ஒட்டிக்கொண்டான்.

வீட்டுக்குள்ளிருந்து ஒரு பெண் மூச்சிரைக்க ஓடி வந்தாள். காலையில் போன் செய்தவள், ஹெட்மாஸ்டரின் மகள்.

"மேடம், மன்னிச்சுக்கங்க. அப்பா ரெண்டாவது பாட்டிலையும் கண்டுபிடிச்சுட்டார்."

"சாட்சியத்தத் தானே தூக்கிப் போட்டு உடைக்கிற வாதிய இப்பத்தான் பாக்கறேன்," என்றான் ஒட்டடை.

"அஞ்சு மணிக்கு ஸ்டேஷனுக்குப் போறாராம். என் வீட்டுக்காரர் கை லோஷன்ல விஷம் கலந்து தர்றார்னு புகார் எழுதிச் சட்டைப் பையில வச்சிருக்கார். அங்க இருக்கற இன்ஸ்பெக்டர் அப்பாகிட்ட படிச்சவர். அப்பா எது சொன்னாலும் 'எஸ் சார்'தான்."

"பெஞ்சு மேல ஏறுன்னா?" என்று கேட்டான் ஒட்டடை.

"ஏறுவார்."

மகளுக்குச் சிரிப்பு வரவில்லை. கண் கலங்கியிருந்தது. அவள் கணவன் சோப்புக் கம்பெனியில் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறவன். விஷ வழக்கு என்று போலீஸ் கம்பெனி வாசலை மிதித்தால் வேலை அன்றைக்கே போய்விடும். வேலை போனால்கூடச் சமாளிக்கலாம். மாமனாருக்கு விஷம் வைத்தவன் என்ற பெயர் போகவே போகாது.

"புண்ணுக்கு டாக்டர் என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள் அக்கா.

"மாத்திரை கொடுத்தாங்க, களிம்பு கொடுத்தாங்க. ஆறல. போன வாரம் திரும்பக் கூட்டிட்டுப் போனேன். ஒண்ணொண்ணா கேட்டாங்க. தோட்ட வேலை செய்வீங்களா, முள்ளு குத்துச்சா, சமைக்கிற மீன் கழுவுவீங்களா, மீன் தொட்டியில கை விடுவீங்களான்னு. எல்லாத்துக்கும் அப்பா 'நோ'. மீன் தொட்டிக்கு மட்டும் 'நோ, நோ, நோ'ன்னார். அது அம்மாவோட தொட்டி. அப்பாவுக்கு அதக் கண்டாலே ஆகாது."

"மூணு நோ?"

"மூணு."

அக்கா தலையை ஆட்டிக்கொண்டே செருப்பைக் கழற்றினாள்.

கூடத்தில் முதலில் கண்ணில் பட்டது தொட்டிதான். ஆளுயரத்தில் பாதி நீளம். உள்ளே ஒரே ஒரு மீன். சிவப்பும் வெள்ளியுமாக மினுமினுத்தது. நெற்றி மட்டும் யாரோ நன்றாகக் கொட்டி வீங்கினது போல் முன்னால் புடைத்திருந்தது.

"ஃப்ளவர்ஹார்ன்," என்று பெருமையாகச் சொன்னாள் ஹெட்மாஸ்டரின் மனைவி. எம்ப்ராய்டரி டீச்சர். ஞாயிறு தவிரத் தினமும் மத்தியானம் தையல் வகுப்பு எடுக்கப் போகிறவள், வீட்டுக் கலவரத்தால் இன்று லீவு போட்டிருந்தாள். "அவர் இத 'மண்டையன்'னுதான் சொல்வார். 'தொட்டி இருக்கணும், இல்ல நான் இருக்கணும்'னு வாங்கின அன்னிக்கே சத்தம் போட்டார்."

"நீங்க தொட்டிய வச்சுக்கிட்டீங்க," என்றான் ஒட்டடை.

"ரெண்டும் இருக்கு," என்றாள் டீச்சர் சளைக்காமல்.

ஒட்டடை கண்ணாடிக்கு அருகே முகத்தைக் கொண்டுபோனான். மீன் விசுக்கென்று திரும்பி, மூலையிலிருந்த கல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது.

"உன்ன மாதிரியே ஒளியத் தெரியல. பாதி வெளிய இருக்கு," என்றாள் அக்கா. பிறகு டீச்சரின் கைகளைப் பார்த்தாள். "தொட்டிக்கு எல்லா வேலையும் நீங்கதானா? உங்க கை ரோஜாப்பூ மாதிரி இருக்கே."

டீச்சர் சிரித்துக்கொண்டே விரல்களை நீட்டினாள். நுனியெல்லாம் பொடிப்பொடியாக ஊசிப் புள்ளிகள்.

"என் தொழிலே விரலக் குத்திக்கிறதுதான் மேடம். மீன் வாங்கும்போதே கடைக்காரர்கிட்ட கேட்டேன். தொட்டித் தண்ணி பாக்கச் சுத்தமா இருக்கும், ஆனா அதுல கண்ணுக்குத் தெரியாத கிருமி இருக்கும், சின்னக் கீறல் இருந்தாப் போதும், அது வழியா உள்ள போயிடும்னார். அன்னிக்கே இத வாங்கிட்டேன்."

சுவர் ஆணியிலிருந்து ரப்பர் கையுறைகளை எடுத்தாள். அக்குள் வரை வந்தன. முதலில் ஊசி குத்திய விரல்களில் தண்ணீர் புகாத பிளாஸ்திரி. மேலே கையுறை. அடுத்து, சுவரில் இருந்த பிளக்குகளைப் பிடுங்கினாள். தண்ணீருக்குள் ஹீட்டர் இருக்கும்போது கரண்டை நிறுத்தாமல் கை விடுகிறவர்களுக்கு, கிருமி வரும் வரை காத்திருக்க நேரம் இருக்காது என்றாள். பழைய தண்ணீரை இறக்க ரப்பர் பல்பு வைத்த குழாய். பல்பை அமுக்கினால் தண்ணீர் தானே இறங்கும்.

"வாயில உறிஞ்சி இறக்கறவங்களும் இருக்காங்க," என்று முகத்தைச் சுளித்தாள்.

"மண்டையன் சூப்," என்றான் ஒட்டடை.

டீச்சர் கையைத் தண்ணீருக்குள் விட்டாள். கல்லுக்குப் பின்னாலிருந்து மீன் அம்பு போலப் பாய்ந்து வந்து கையுறையை 'நறுக்'கென்று கடித்துவிட்டுத் திரும்பிப் போனது.

"பாத்தீங்களா? என்னமோ நான் அவன் சொத்த எழுதி வாங்க வந்த மாதிரி. வாங்கின நாள்லேர்ந்து சோறு போடறது நான்தான்."

வேலை முடிந்தால் கையுறையைக் கழுவிக் காயப்போட்டு, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுவாளாம். தொட்டிச் சாமான் எதுவும் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது. அதற்கென்று பின்கட்டில் தனிக் குழாய், தனி வாளி. வாளியை அக்கா பார்க்க விரும்பினாள். மகள் அழைத்துப் போனாள்.

கூடத்தில் டீச்சரும், சுவரோடு சுவராக நின்றிருந்த மாப்பிள்ளையும், ஒட்டடையும் மட்டும். ஒட்டடை ஒரு பள்ளமான சோபாவில் உட்கார்ந்தான். முழங்கால் இரண்டும் காதுக்குப் பக்கத்தில் வந்து நின்றன.

"லோஷன்ல என்ன சார் போட்டீங்க?" என்று மாப்பிள்ளையைக் கேட்டான்.

"கத்தாழை, கிளிசரின், கொஞ்சம் எலுமிச்ச வாசனை. மாமாவுக்குக் கை வறண்டிருந்துச்சு. மரியாதைக்குச் செஞ்சேன். அத நானே தினமும் தடவறேன், பாருங்க..."

"ஹ்ஹும்!"

மாடிப்படியில் ஓர் இருமல். அவ்வளவுதான். சின்ன இருமல். ஆனால் பள்ளிக்கூடத் தாழ்வாரங்களில் பல வருஷம் பழுத்த இருமல்.

ஒட்டடை கண் சிமிட்டிவிட்டுப் பார்த்தபோது மாப்பிள்ளை நின்ற இடத்தில் காலண்டர்தான் ஆடிக்கொண்டிருந்தது. டீச்சர் சமையலறைக்குள் மறைந்திருந்தாள். வாசல் மதில் மேல் வெயில் காய்ந்துகொண்டிருந்த பூனைகூட இறங்கி நடையைக் கட்டியது. ஒட்டடையின் கால்களும் ஓடத்தான் பார்த்தன. சோபா விடவில்லை.

அந்தச் சமயம் தொட்டியில் 'பளக்' என்று ஒரு சத்தம். ஒளிந்திருந்த மீன் வெளியே வந்திருந்தது. வலது மூலைக்கு விரைந்து போய், தண்ணீர் மட்டத்துக்கு மேலே தன் புடைத்த நெற்றியைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றது.

பாவம், பயத்தில் மீனுக்கு மூச்சு முட்டுகிறது என்று நினைத்துக்கொண்டான் ஒட்டடை.

ஹெட்மாஸ்டர் இறங்கி வந்தார். ஒல்லியான, நேரான, கஞ்சி போட்ட உருவம். கூடத்தைப் பார்த்தார். தொட்டியை ஒரு கணம் பார்த்தார். ஒட்டடையைப் பார்த்தார். விறைத்துக்கொண்டு, தொட்டிக்கு முதுகைக் காட்டிப் போட்டிருந்த தன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நேரா உக்காரு."

"சோபா நேரா இல்ல சார்."

"சாக்கு சொல்லாத."

"எஸ் சார்," என்றான் ஒட்டடை. தன் வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று அவனுக்கே தெரியவில்லை.

அக்கா பின்கட்டிலிருந்து வந்து எதிரே உட்கார்ந்தாள். மகள் மட்டும் வாசற்படியோடு நின்றுகொண்டாள். ஹெட்மாஸ்டர் வலது கையை மேஜை மேல் வைத்தார், தடயப் பொருளை நீதிமன்றத்தில் வைப்பது போல. ஆள்காட்டி விரலில் ஊதா நிறத்தில் ஒரு வீக்கம். மணிக்கட்டில் ஒன்று. அங்கிருந்து முழங்கை நோக்கி ஒன்றன் பின் ஒன்றாகச் சின்னக் கட்டிகள். புண்கூட அவரிடம் வரிசையில்தான் நின்றது.

"வலிக்குதா சார்?"

"பெரிசா வலி இல்ல. ஆறவும் மாட்டேங்குது. மேல மேல ஏறுது. மெல்லக் கொல்லும் விஷம். ஆய்வுக்கூடத்துல வேலை செய்யறவனுக்கு இதெல்லாம் கைவந்த கலை."

"லோஷன எந்தக் கைக்குத் தடவினீங்க?"

"ரெண்டு கைக்கும். எழுதியிருந்தபடி. நான் எதையும் எழுதியிருக்கறபடிதான் செய்வேன்."

"இடது கையக் காட்டுங்க."

காட்டினார். வழுவழுப்பாக, பளபளப்பாக, கற்றாழையின் புண்ணியத்தில் மினுங்கியது.

"விஷத்துக்கு வலது இடது தெரியுமா சார்?"

"இடது கைக்கு எதிர்ப்புச் சக்தி அதிகம்."

"விரல்ல முதல்ல காயம் எப்படி ஆச்சு?"

"டப்பா மூடி கிழிச்சது."

"எந்த டப்பா?"

"டப்பான்னா டப்பா! கேள்வி கேக்கற இடத்துல நான் இருந்துதான் பழக்கம். அஞ்சு மணிக்கு நான் கிளம்பறேன். அதுக்குள்ள அவன நிரபராதின்னு நிரூபிச்சா நிரூபிங்க. இல்லன்னா இந்தப் புகார் போகுது." சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார்.

அக்காவின் பார்வை அவர் முகத்தில் இல்லை. நாற்காலிக் காலடியில் இருந்தது. வழவழப்பான தரையில், நான்கு கால்களையும் சுற்றி அரை வட்டமாக வெள்ளைக் கோடுகள். அக்கா எழுந்து, ஒட்டடையைக் கையைப் பிடித்துச் சோபாவிலிருந்து பிடுங்கி, வராந்தாவுக்கு இழுத்துப் போனாள்.

வராந்தா மூலையில் பழைய செய்தித்தாள்கள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. கசாப்புக் கடை பார்த்த பூனை போல ஒட்டடை அதன் பக்கம் போனான். கட்டை ஒரு கையால் தூக்கிப் பார்த்தான். நடுவில் விரலை விட்டுத் தடவினான்.

"மோசம் அக்கா. இந்தப் பேப்பர நான் எடுத்திருக்கவே மாட்டேன்."

"ஏன்?"

"தண்ணி பட்ட பேப்பர். எடை ஏத்தறதுக்காகச் சில பேர் தெளிச்சுக் கொண்டாருவாங்க. காஞ்சாலும் சுருக்கம் காட்டிக் கொடுத்துடும். இங்க பாருங்க. எல்லாத்துலயும் வலது ஓரம் மட்டும் பொருபொருன்னு சுருங்கியிருக்கு. ஈரக் கையால புரட்டின மாதிரி. ஹெட்மாஸ்டர் எச்சி தொட்டுப் புரட்டற ஆளோ என்னமோ."

"இது எச்சி இல்ல. கட்டைவிரல் அகலத்துக்கு நனைஞ்சிருக்கு." அக்கா ஒவ்வொன்றாகப் புரட்டினாள். "இது நல்லா இருக்கே?"

"அது ஞாயித்துக்கிழமை பேப்பர். இதுவும். இதோ இதுவும் ஞாயிறு. மொடமொடன்னு புது நோட்டு மாதிரி இருக்கு. ஞாயித்துக்கிழமை மட்டும் அவருக்கு நாக்கு வறண்டு போயிடும் போல."

அக்கா சிரிக்கவில்லை. மகளைக் கூப்பிட்டாள். "இந்தப் பேப்பர யார் படிப்பாங்க?"

"அப்பா மட்டும்தான். மத்தியானம், அம்மா கிளாஸுக்குப் போனதும் உக்காருவார். அப்ப நாங்க யாரும் கூடத்துப் பக்கம் வரக் கூடாது. வரவும் மாட்டோம்." அவள் சற்றுத் தயங்கினாள். "அவர் இருமினாலே அவங்கவங்க ரூமுக்குப் போயிடுவோம். சின்ன வயசுலேர்ந்து அப்படித்தான்."

"கண்ணால பாத்தேன்," என்றான் ஒட்டடை. "ஒரு இருமலுக்கு வீடே காலி. பூனை உட்பட. அந்த மீன்தான் பாவம், ஓட வழியில்லாம அலறி அடிச்சுக்கிட்டு மேல வந்து தலைய வெளிய நீட்டிட்டு நிக்குது. இறக்கை இருந்தா அதுவும் பறந்திருக்கும்."

அக்கா சட்டென்று திரும்பினாள். "என்னடா சொன்ன?"

"இறக்கை இருந்தா..."

"அதுக்கு முன்னால."

ஒட்டடை சொன்னான். அவன் சொல்லச் சொல்ல அக்காவின் முகத்தில் ஒரு புன்னகை மெல்ல விரிந்தது. தானே பற்றிக்கொண்ட குடோனின் சொந்தக்காரர் பையில் தீப்பெட்டி கிடைத்தபோது வந்த அதே புன்னகை.

"நீ முட்டாள்டா. ஆனா கண்ணு நல்லாருக்கு."

"ரொம்பப் பாராட்டாதீங்க அக்கா, சம்பளம் கேப்பேன்."

எல்லோரையும் கூடத்துக்குக் கூப்பிட்டாள் அக்கா. டீச்சர் சமையலறை வாசலில் நின்றாள். மாப்பிள்ளை, ஓடுவதற்கு வசதியாகக் கதவோரம். கடிகாரம் ஐந்தை நெருங்கிக்கொண்டிருந்தது. ஹெட்மாஸ்டர் குடையைக் கையில் எடுத்துக்கொண்டு தயாராக நின்றார்.

"சார், உங்க மாப்பிள்ளை குற்றவாளி இல்ல."

"நிரூபணம்?"

"ரெண்டு கைக்கும் ஒரே லோஷன். ஒரு கைல மட்டும் புண்ணு. லோஷன் விடுதலை. டாக்டர் தொட்டிய ஏன் கேட்டாங்க தெரியுமா? தொட்டித் தண்ணியில இருக்கற ஒரு கிருமி, கீறல் வழியாப் போனா இப்படித்தான் ஆறாம மெல்ல மேல ஏறும். குற்றவாளி அந்தத் தொட்டிதான்."

"நான் அத அன்னிக்கே சொன்னேன்!" என்றார் ஹெட்மாஸ்டர் வெற்றியோடு.

"சொன்னீங்க. உங்க வார்த்தைக்கு இப்பத்தான் மரியாதை வந்திருக்கு. மீன் கடைக்காரருக்குச் சொல்லியாச்சு. வண்டியோட வந்துட்டிருக்கார். இன்னும் கொஞ்ச நேரத்துல தொட்டியும் போகும், மீனும் போகும்."

டீச்சர் வாயைத் திறந்தாள். அக்கா கண்ணைக் காட்டினாள். டீச்சர் வாயை மூடிக்கொண்டாள்.

எல்லோரும் ஹெட்மாஸ்டரின் முகத்தில் மகிழ்ச்சி பொங்கப் போவதை எதிர்பார்த்தார்கள். பொங்கவில்லை. குடையின் முனை தரையில் தட்டியது.

"இன்னிக்கேவா?"

"நல்ல காரியத்தத் தள்ளிப் போடலாமா சார்?"

"இல்ல... கடைல எந்தத் தொட்டியில விடுவாங்க?"

"சின்னதா ஏதாவது இருக்கும். வேற மீனுங்களோட."

"வேற மீனோடவா?" ஹெட்மாஸ்டரின் குரல் உயர்ந்தது. "கடிச்சுக் குதறிடுவான். இல்ல இவனக் குதறிடுவாங்க. அவனுக்குத் திரும்பறதுக்கே இவ்வளவு இடம் வேணும். தண்ணி கொஞ்சம் குளிர்ந்தாலும் நிறம் மங்கிப் போயிடுவான். சாயங்காலம் அவனுக்கு வெளிச்சம் நேரா விழக் கூடாது. இதெல்லாம் அந்தக் கடைக்காரனுக்கு யாரு சொல்றது?"



டீச்சர் மெல்லக் கேட்டாள். "இதெல்லாம் உங்களுக்கு யாருங்க சொன்னா?"

ஹெட்மாஸ்டர் வீட்டுப்பாடம் செய்யாமல் வந்தவன் மாதிரி தரையைப் பார்த்தார். தரையில் இருந்த அரை வட்டக் கோடுகளை அக்கா செருப்பில்லாத கால் விரலால் தொட்டுக் காட்டினாள்.

"தொட்டிக்கு முதுகக் காட்டின நாற்காலி தினமும் திரும்புது. டீச்சர் வகுப்புக்குப் போனதும் ஒரு திருப்பு. வர்றதுக்கு முன்னால இன்னொரு திருப்பு. ஞாயித்துக்கிழமை டீச்சர் வீட்டுல, அதனால பேப்பர் நனையறதில்ல. மத்த நாளெல்லாம் ஈரக் கைதான் பக்கத்தப் புரட்டுது. டாக்டர் கேட்ட மத்த கேள்விக்கெல்லாம் ஒரு நோ. தொட்டிக்கு மட்டும் மூணு. ஒரு தடவ சொன்னா நம்ப மாட்டாங்களோன்னு பயம் இருக்கறவங்கதான் மூணு தடவ சொல்வாங்க. சார், ஒரு உதவி. லேசா இருமுங்களேன்."

"எனக்கு இருமல் இல்ல."

"எங்களுக்காக."

"ஹ்ஹும்," என்றார் ஹெட்மாஸ்டர், சுரத்தே இல்லாமல்.

மாப்பிள்ளையின் கால் தானாகக் கதவுப் பக்கம் போனது. மகள் பழக்கத்தில் ஒரு அடி பின்வாங்கினாள். 'பளக்'! கல்லுக்குப் பின்னாலிருந்து மண்டையன் புறப்பட்டான். நேரே வலது மூலை. நெற்றி தண்ணீருக்கு மேலே. வாலை மட்டும் மெதுவாக ஆட்டிக்கொண்டு காத்திருந்தான்.

"அடப்பாவி!" என்றாள் டீச்சர். மீனைச் சொன்னாளா, கணவரைச் சொன்னாளா என்று தெரியவில்லை. "கொஞ்ச நாளா இப்படித் தலையத் தூக்கிட்டு நிக்குதே, காத்துப் பத்தலையோன்னு நான் ரெண்டாவது மோட்டார் வாங்கி மாட்டினேங்க! இதுக்குத்தானா? என் கைய மட்டும் கடிக்கிறான்!"

"இருமினதும் நீங்க எல்லாரும் ஓடிப் போனதால இது வர்றத யாருமே பாக்கல," என்றாள் அக்கா. "என் ஆளு சோபாவுல மாட்டிக்கிட்டான். அதனால பாத்துட்டான்."

"துப்பறியறதுக்கு நல்ல சோபா," என்றான் ஒட்டடை.

ஹெட்மாஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். குடை மடியில் கிடந்தது. கஞ்சி எல்லாம் இறங்கிப் போயிருந்தது.

"மொதல் நாள் சாப்பாடுன்னு நெனச்சு விரலக் கடிச்சுட்டான். வேணும்னு இல்ல," என்றார். "அப்புறம் ஒரு நாளும் கடிச்சதில்ல. நெத்தியத் தடவினா அப்படியே நிப்பான்."

"அந்தக் கடி ஆறறதுக்குள்ள தினமும் அதே தண்ணியில கை. இதுதான் அந்த டப்பா மூடியா?" அக்கா குரலைத் தாழ்த்தினாள். "டாக்டர் சரியான கேள்வியத்தான் கேட்டாங்க. நீங்க பொய் சொன்னதால வேற நோய்க்கு வைத்தியம் நடந்துட்டு இருக்கு. நான் டாக்டர் இல்ல சார், எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். பரிசோதிச்சு, சரியான மருந்த மாசக்கணக்குல சாப்பிட வேண்டியிருக்கலாம். இன்னும் கொஞ்ச நாள் மறைச்சிருந்தா கை மடக்க முடியாமப் போயிருக்கும்."

"மத்தவங்களுக்கு ஒட்டுமா மேடம்?" என்று மகள் பதறினாள்.

"ஒருத்தர்கிட்டேர்ந்து ஒருத்தருக்கு ஒட்டாது. இந்த வீட்டுல அந்தக் கிருமி வர்றதுக்கு இருந்த வழியெல்லாம் உங்கம்மா அடைச்சு வச்சிருக்காங்க. உங்கப்பாதான் தேடிப் போய்க் கை குலுக்கியிருக்கார்."

ஹெட்மாஸ்டர் சட்டைப் பையிலிருந்து புகாரை எடுத்தார். நான்காகக் கிழித்தார். கிழித்ததை எங்கே போடுவது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு, மாப்பிள்ளையைப் பார்க்காமல் மாப்பிள்ளையிடம் சொன்னார்.

"அந்த லோஷன்... இடது கைக்கு நல்லாத்தான் இருந்துச்சு. இன்னொரு பாட்டில் இருக்கா?"

"ரெண்டையும் நீங்கதான் உடைச்சீங்க மாமா."

"சரி. செஞ்சு கொடு." கொஞ்சம் யோசித்து, வாழ்க்கையில் பழக்கமில்லாத ஒரு வார்த்தையைக் கஷ்டப்பட்டுச் சேர்த்தார். "முடிஞ்சா."

மாப்பிள்ளை முதல் தடவையாகக் கதவோரத்திலிருந்து கூடத்தின் நடுவுக்கு வந்தான். மகள் அதற்குள் டாக்டருக்குப் போன் போட்டிருந்தாள். ஹெட்மாஸ்டர் வாங்கி, "நோ இல்ல டாக்டர், எஸ்," என்றார். அந்தப் பக்கத்திலிருந்து வந்த திட்டு கூடம் முழுக்கக் கேட்டது. அவர் நின்றுகொண்டே கேட்டுக்கொண்டார். நாளைக் காலை முதல் ஆளாக வரச் சொன்னார்களாம்.

"மீன் கடைக்காரர் வண்டி?" என்று கேட்டார் போனை வைத்ததும்.

"பஞ்சர்," என்றாள் அக்கா. "வராது."

ஹெட்மாஸ்டர் மூச்சு விட்ட சத்தம் நன்றாகவே கேட்டது. டீச்சர் ஆணியிலிருந்து கையுறையை எடுத்து வந்து அவர் மடியில் போட்டாள்.

"புண்ணு ஆறுற வரைக்கும் தண்ணி பக்கம் கை போகக் கூடாது. ஆறின பிறகு உங்களுக்கும் ஒரு ஜோடி வாங்கறேன். போட்டுக்கிட்டுத்தான் கொஞ்சணும். முடிஞ்சதும் சோப்பு."

"க்ளவுஸ் போட்டா கடிப்பானே."

"கடிக்கட்டும். நான் வாங்கலையா?"

ஒட்டடை சிரிப்பை அடக்க முடியாமல் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். ஆனால் மகள் சிரிக்கவில்லை. அப்பாவின் நாற்காலிக்கு முன்னால் வந்து நின்றாள். அவ்வளவு கிட்டத்தில் வந்து அவள் நின்று ரொம்பக் காலம் ஆகியிருக்க வேண்டும். ஹெட்மாஸ்டர் கொஞ்சம் பின்னால் சாய்ந்தார்.

"என் தலைய ஒரு நாளாவது இப்படித் தடவியிருக்கீங்களாப்பா? பிடிச்சிருந்தாப் பிடிச்சிருக்குன்னு சொல்லிட்டுப் போறது. அம்மா சந்தோஷப்பட்டிருப்பாங்க. ஒரு மீனுக்காக டாக்டர்கிட்ட பொய், எங்ககிட்ட பொய், என் வீட்டுக்காரர் மேல பழி. அப்படி என்னப்பா இருக்கு அந்த மண்டையன்கிட்ட?"

ஹெட்மாஸ்டர் தொட்டியைப் பார்த்தார். மண்டையன் இன்னும் வலது மூலையிலேயே நெற்றியைத் தூக்கிக்கொண்டு நின்றான். கிழிந்த காகிதங்களைப் பிடித்திருந்த வலது கை தன்னையறியாமல் அந்தப் பக்கம் ஒரு அங்குலம் நகர்ந்து, நின்றது.

"என் இருமல் சத்தம் கேட்டு ஓடாம, கிட்ட வந்து நின்னது இவன் ஒருத்தன்தாம்மா."